நண்டு கேக்: உருளைக்கிழங்கு போடாமல், உடையாமல் கல்லில் பொரிக்க வழி சொல்லுங்கள்

பாம்பன்_கரைக்காரி
வருகிற ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு. தம்பிக்குப் பெண் பேசியிருக்கிறோம், அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். கடற்கரைக்கு வந்துவிட்டு நண்டு இல்லாமல் அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. ஆனால் குழம்பு வைத்தால் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து ஓடு கடித்து உறிஞ்ச வேண்டும். முதல் முறை வருகிறவர்களுக்கு அது சங்கடம்.

அதனால் முதல் தட்டாக நண்டு கேக் வைக்கலாம் என்று நினைத்தேன். இணையத்தில் தமிழில் தேடினால் எல்லாமே உருளைக்கிழங்கு, கரம் மசாலா, பிரெட் தூள் போட்ட கட்லெட்தான் வருகிறது. நண்டு ருசியே தெரியாது. வெளிநாட்டுக் குறிப்பில் உள்ள பாதிச் சாமான் ராமநாதபுரம் கடைகளில் கிடைக்காது. கிழங்கு போடாமல் எப்படிப் பிடிமானம் வரும்? வெந்து எடுத்த சதை வாங்கலாமா, உயிர் நண்டு வாங்கி நானே எடுக்கலாமா? முன்கூட்டியே எவ்வளவு வேலையை முடித்து வைக்கலாம்?

ஏர்வாடி_எஞ்சினியர்
கட்லெட்டே போடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? கிழங்கு போட்டால் உடையாது, செலவு பாதி, வேலையும் பாதி.

பரமக்குடி_டு_பால்டிமோர்
எஞ்சினியர் அண்ணே, அந்தக் கட்லெட்டை நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அது வேறு பண்டம். நான் இருக்கும் அமெரிக்காவின் மேரிலாந்தில் நண்டு கேக்கில் கிழங்கைப் போட்டால் அடுத்த விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். செசபீக் விரிகுடா நண்டை வைத்து வளர்ந்த பண்டம் இது. இங்கே ஒரு கடையை எடைபோடுவதே, கேக்கைப் பிட்டால் உள்ளே சதை கட்டி கட்டியாக வருகிறதா, மாவாக வருகிறதா என்று பார்த்துத்தான்.

ஒரு வேடிக்கை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டியில் இருக்கும் நண்டு டப்பாவை நான் திருப்பிப் பார்த்தபோதெல்லாம் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று இருந்தது. சிலதில் இந்தியா. இந்திய டப்பாவில் இருப்பது பெரும்பாலும் நம்ம பக்கத்து நீலக்கால் நண்டுதான். மேரிலாந்து நண்டு வேறு இனம், ஆனால் அதுவும் துடுப்புக்கால் வைத்து நீந்துகிற நண்டுதான். ஆக, சரக்கு உங்கள் வாசலில் இருக்கிறது.

அரைக் கிலோ சதைக்கு என் கணக்கு: ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி கடுகுப் பசை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மிளகு, பொடியாக அரிந்த கொத்தமல்லித் தழை, நான்கைந்து மேசைக்கரண்டி பிரெட் தூள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், நண்டிலேயே உப்பு இருக்கும். அவ்வளவுதான்.

சமையல்_சந்தேகம்
ஐந்து கரண்டி தூளில் எப்படி நிற்கும்? நான் செய்தால் கல்லிலேயே புட்டு ஆகிவிடும்.

பரமக்குடி_டு_பால்டிமோர்
நிற்க வைப்பது முட்டையும் குளிரும். முட்டை, மயோனைஸ், கடுகு எல்லாவற்றையும் தனியாக அடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு சதையைப் போட்டு அடியிலிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். கரண்டி வேண்டாம், விரல் நுனி போதும். தூளைக் கடைசியில் தூவுங்கள். பிசையவே கூடாது. பிசைந்தால் கட்டிகள் நாராகிவிடும், அப்புறம் எஞ்சினியர் அண்ணன் சொன்ன கட்லெட்டே மேல்.

தட்டியதும் மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மயோனைஸ் இறுகும். கல்லில் போட்ட பிறகு முட்டை வெந்து பிடித்துக்கொள்ளும். உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: சதையில் தண்ணீர் அதிகம், அல்லது குளிர வைக்காமல் போட்டது.

மண்டபம்_கடலோரம்
தண்ணீர் விஷயத்தில்தான் நான் பேச வேண்டும். மண்டபத்தில் நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் எங்களைப் போன்ற பெண்கள்தான்.

முதலில் நண்டு வாங்குவது. உயிரோடு இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். செத்த நண்டு வெகு சீக்கிரம் கெடும், சதை குழைந்து வாடை வந்துவிடும். அடுத்தது, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கினால் அது புதிதாகச் சட்டை கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வெளியே எவ்வளவு பெரிசாக இருந்தாலும் வேண்டாம். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு சப்பை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பஞ்சாங்கத்தைவிட கட்டைவிரலை நம்புவேன்.

ஆண் நண்டு வாங்குங்கள். வயிற்று மூடி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். நீலக்கால் நண்டில் நிறமே காட்டிக்கொடுக்கும், ஆண்தான் நல்ல நீலம். வயிற்றில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டை ஒட்டியிருந்தால் அதை எடுக்காதீர்கள். ருசியும் இல்லை, கடலுக்கும் நல்லதில்லை.

ஒரு கிலோ நண்டில் கால் கிலோ சதை வந்தால் நல்ல நண்டு. எட்டுப் பேருக்குத் தலைக்கு ஒரு பெரிய கேக் என்றால் அறுநூறு கிராமாவது சதை வேண்டும். மூன்று கிலோ வாங்குங்கள்.

தொண்டி_வள்ளம்
அக்கா சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் பெரிய நண்டை ஏஜென்ட் எடைபோட்டுக் கம்பெனிக்கு எடுத்துவிடுவார். மார்க்கெட்டுக்கு வருவது அவர்கள் கழித்தது. நல்லது வேண்டுமென்றால் நண்டு வலை போடுகிற நாட்டுப்படகுக்காரரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள், காலையில் கரையிலேயே போய் வாங்குங்கள். எங்கள் பக்கம் தொண்டி, மோர்ப்பண்ணை, காரங்காடு எல்லாம் நண்டுக்குப் பேர்போன இடங்கள். பாம்பனில் வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று கேட்டு வாங்குங்கள். என் ஓட்டு வடகடலுக்கு. தென்கடல்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

பாம்பன்_கரைக்காரி
நான் வீட்டிலிருந்தே இரண்டு கடலையும் பார்க்கிறேன், வம்பு வேண்டாம் அண்ணே. சிலுவை நண்டு, முக்கண் நண்டு கிடைத்தால் வாங்கலாமா?

தொண்டி_வள்ளம்
சிலுவை நண்டு ருசி. ஆனால் ஓடு கெட்டி, சதை எடுக்க நேரம் ஆகும். முக்கண் நண்டு சின்னதாக வரும், குழம்புக்கு வையுங்கள். களி நண்டு இந்த வேலைக்கு வேண்டாம், விலையும் தாங்காது.

மண்டபம்_கடலோரம்
சதை எடுப்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் கேக் நல்லா வருவதும் கெடுவதும்.

உயிர் நண்டை ஐஸ் போட்ட பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். மரத்துப் போகும், அப்புறம் வேக வைத்தால் கால் உதிராது. தண்ணீரில் போட்டு வேக வைக்காதீர்கள். இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள், மல்லாத்தி, ஓடு கீழே இருக்கும்படி. சாறு வெளியே ஓடாது. நடுத்தர நண்டுக்குப் பதினைந்து நிமிடம். பிறகு நன்றாக ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பிரித்தால் சதை ஓட்டோடு ஒட்டிக் கிழியும். ஆறிய பிறகு மணிக்கணக்கில் வெளியே கிடக்கவும் விடாதீர்கள்.

ஓட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இருக்கும் செவுளைப் பிடுங்கி எறியுங்கள். உடலை இரண்டாக ஒடியுங்கள். கடைசிக் கால், அதாவது துடுப்புக்கால், உடலோடு சேரும் இடத்தில்தான் பெரிய கட்டி இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று. கம்பெனியில் அதற்குத்தான் முதல் விலை, ஜம்போ என்போம். அதை முழுசாக எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். மற்றக் கால் அறைகளில் இருப்பது சின்னச் சின்ன வெள்ளைச் சதை. கொடுக்குச் சதை கொஞ்சம் பழுப்பாக இருக்கும். விலை குறைவு, ஆனால் வாசம் அதில்தான் அதிகம்.

கேக்குக்கு மூன்றும் கலந்து போடுங்கள். சின்னச் சதையையும் கொடுக்குச் சதையையும் முதலில் கலவையில் சேர்த்துவிட்டு, பெரிய கட்டிகளைக் கடைசியில் சேருங்கள். சதையை வெள்ளைத் துணியில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். பிழியாதீர்கள்.

சமையல்_சந்தேகம்
ஓட்டுத் துணுக்கு மாட்டினால் மானம் போகுமே. அதுவும் சம்பந்தி வாயில்!

மண்டபம்_கடலோரம்
கறுப்புத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நம்பகம். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு வைத்திருக்கும் கடைக்காரர் யாராவது பழக்கம் என்றால் கேட்டு வாங்குங்கள், இருட்டறையில் அடித்தால் ஓட்டுத் துணுக்கு பளிச்சென்று தெரியும்.

ஏர்வாடி_எஞ்சினியர்
மூன்று கிலோ நண்டு, ஊதா விளக்கு, வெள்ளைத் துணி... நான் சொன்ன கட்லெட் இந்நேரம் செய்து சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியிருக்கலாம். சரி, கேட்கிறேன்: டப்பாவையே வாங்கினால் என்ன? மண்டபத்தில்தானே அடைக்கிறார்கள்.

மண்டபம்_கடலோரம்
அது ஏற்றுமதிச் சரக்கு தம்பி, சில்லறையில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்று கவனம்: மீன் டின் மாதிரி அலமாரியில் வைக்கிற சரக்கு இல்லை. பதமான சூட்டில் பாஸ்டுரைஸ் செய்து அடைத்தது, திறக்காவிட்டாலும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். எந்தக் கடையிலாவது வெளியே அடுக்கி வைத்திருந்தால் தொடாதீர்கள். உறைய வைத்த சதையும் சுமார்தான், உருகும்போது தண்ணீர் விடும்.

கீழக்கரை_லாத்தா
சாமான் கிடைக்காத கதைக்கு வருகிறேன். என் வீட்டில் அடிக்கடி செய்கிற பண்டம் இது.

பிரெட் தூள்: பாக்கெட்டில் செம்மஞ்சளாக வரும் தூள் வேண்டாம், வெள்ளை நண்டின் நிறமே போய்விடும். பால் பிரெட், இனிப்பு ரஸ்க் இரண்டும் கூடாது. ரஸ்கில் ஏலக்காய் வேறு இருக்கும். சாதாரண சாண்ட்விச் பிரெட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, வெறும் கல்லில் சிறு தீயில் மொறுமொறுப்பாகக் காய வைத்துக் கையால் நொறுக்குங்கள். உப்பு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டாலும் அருமை.

கடுகுப் பசை: மஞ்சள் கடுகை வினிகரில் ஒரு இரவு ஊற வைத்து, சிட்டிகை சர்க்கரை போட்டு அரைத்தால் போதும். வெளிநாட்டுக் குறிப்பில் வூஸ்டர்ஷயர் சாஸ் என்று வரும், பயப்படாதீர்கள். அதன் பழைய செய்முறையில் இருப்பதே புளி, நெத்தலி, வினிகர், வெல்லப்பாகு. அரைத் தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல் விட்டேன், யாரும் குறை சொல்லவில்லை.

மயோனைஸ்: பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை போட்டார்கள், நினைவிருக்கிறதா? கேக்குக்குள் போவது வெந்துவிடும். ஆனால் பக்கத்தில் வைக்கிற சாஸ் வேகாது. பெரியவர்கள் சாப்பிடுகிற விருந்து, அதனால் முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸே போதும். அது இனிக்கும், எலுமிச்சை கூட்டிக்கொள்ளுங்கள்.

சாஸ்தான் நம்ம ஊர் இறங்க வேண்டிய இடம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் நாலைந்தை விதை எடுத்து வெந்நீரில் ஊற வைத்து, இரண்டு பல் பூண்டு, வினிகர், உப்பு சேர்த்து வெண்ணெயாக அரைத்து மயோனைஸில் கலக்குங்கள். தோல் தடிப்பான மிளகாய் அது, நிறமும் வாசமும் உண்டு, நாக்கைச் சுடாது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய், விருந்தாளிக்குச் சொல்லிப் பரிமாற ஒரு கதையும் ஆச்சு. கேக்குக்குள் மட்டும் மிளகாய், மசாலா எதுவும் போடாதீர்கள் தங்கச்சி.

பரமக்குடி_டு_பால்டிமோர்
லாத்தா, நூற்றுக்கு நூறு. இங்கேயும் மசாலா உண்டு, ஓல்டு பே என்று. செலரி உப்பு, மிளகு, பாப்ரிகா எல்லாம் கலந்தது. ஜெர்மனியிலிருந்து பால்டிமோருக்கு அகதியாக வந்த குஸ்தாவ் புருன் என்ற மசாலா வியாபாரி உருவாக்கியது. அதையும் அரைக் கிலோவுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிதான் போடுவார்கள்.

பாம்பன்_கரைக்காரி
லாத்தா, மயோனைஸுக்குப் பதில் தயிரை வடிகட்டிப் போடலாமா என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. "நண்டுக்கும் தயிருக்கும் ஆகாது, சம்பந்தி வீட்டில் யாருக்காவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?"

கீழக்கரை_லாத்தா
அம்மாவோடு இதில் மல்லுக்கட்டாதீர்கள், மயோனைஸ் இருக்கிறதே. அதைவிட முக்கியம், வருகிறவர்களில் யாருக்காவது நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மலைப்பக்கமும் கொங்குப் பக்கமும் நண்டே தொட்டிராதவர்கள் இருப்பார்கள், ஒவ்வாமை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரிலும் நண்டு புழங்காத வீடுகள் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சமையல்_சந்தேகம்
பொரிப்பது எந்த எண்ணெயில்? நான்ஸ்டிக்கா, இரும்புக் கல்லா?

பரமக்குடி_டு_பால்டிமோர்
இங்கே பல கடைகளில் மேல்நெருப்பில் வாட்டித்தான் தருவார்கள். வீட்டில் கல்லில் பொரித்தால் அந்த மொறுமொறு ஓரம் கிடைக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். குழி விழுந்த தோசைக்கல் வேண்டாம், எண்ணெய் நடுவில் தேங்கிவிடும். தட்டையான கனமான கல்லோ வாணலியோ எடுங்கள். கடலை எண்ணெயும் நெய்யும் சரிபாதி. வெறும் வெண்ணெய் என்றால் அதிலுள்ள பால் கருகிக் கறுப்புப் புள்ளி விழும்.

மிதமான தீ. ஒரு பிரெட் துணுக்கைப் போட்டால் உடனே சிறு நுரை வர வேண்டும், புகை வரக்கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கை நேரே போடுங்கள், ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். போட்டபின் நாலு நிமிடம் தொடாதீர்கள். நகர்த்திப் பார்க்கிற ஆசைதான் உடைக்கிறது. அடிப்பக்கம் பொன்னிறமாகி ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும், அப்போது அகலமான தோசைத்திருப்பியை முழுசாக உள்ளே விட்டு ஒரே தடவை திருப்புங்கள். அடுத்த பக்கம் மூன்று நான்கு நிமிடம். சதை ஏற்கெனவே வெந்தது, உள்ளே முட்டை இறுகிச் சூடு ஏறினால் போதும்.

பாம்பன்_கரைக்காரி
எட்டையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுபோக வேண்டுமே. நான் அடுப்படியிலேயே நின்றால் பேச்சுக்கு யார்?

பரமக்குடி_டு_பால்டிமோர்
ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருந்தால் 100 டிகிரியில் வைத்து, கம்பி வலை மேல் கேக்கை அடுக்குங்கள். கால் மணி நேரம் தாங்கும். தட்டில் அடுக்கி மூடி வைத்தால் வியர்த்து நமத்துப் போகும்.

கீழக்கரை_லாத்தா
வேலையை இப்படிப் பிரியுங்கள்: காலையில் நண்டு வாங்கி, வேக வைத்து, சதை எடுத்துவிடுங்கள். சாஸும் அப்போதே. மதியம் கலந்து தட்டி ஃப்ரிட்ஜில். விருந்தாளி உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு கல்லைப் போடுங்கள்.

தட்டு விஷயம். வெள்ளைத் தட்டு, அடியில் ஒரு கரண்டி சாஸைப் பரப்பி அதன்மேல் ஒரே ஒரு கேக். பக்கத்தில் வெள்ளரிக்காயைச் சீவி உப்பு, எலுமிச்சை போட்டது ஒரு பிடி. ஒரு எலுமிச்சைத் துண்டு. கறிவேப்பிலை தூவாதீர்கள், தக்காளியில் ரோஜாப்பூ செய்து வைக்காதீர்கள்! அடுத்த தட்டுக்கு இடியாப்பமும் சொதியும் வைத்தால் பொருந்தும். கேக்குக்குப் பின்னால் பிரியாணி வந்தால் நண்டு ருசியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஏர்வாடி_எஞ்சினியர்
பிரியாணி வேண்டாம் என்று கீழக்கரைக்காரர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

கீழக்கரை_லாத்தா
மறுநாள் மதியம் வையுங்கள் என்று சொல்ல வந்தேன் தம்பி, அதற்குள் குறுக்கே வந்துவிட்டீர்கள்.

பாம்பன்_கரைக்காரி
நேற்று விருந்து முடிந்தது. நண்டு பாம்பன் கரையில் படகிலிருந்தே கிடைத்தது, கட்டைவிரல் சோதனையில் பாதியைக் கழித்தேன், விற்றவர் முறைத்தார். கேக் ஒன்றுகூட உடையவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெரியவர் "இதில் எலும்பே இல்லையே, என்ன மீன்?" என்று கேட்டார். பெண்ணின் அம்மா சாஸைத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், குண்டு மிளகாய் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தோம். அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை, காரம் பத்தாது என்றார்.

உப்பு பிஸ்கட்தான் போட்டேன். அப்புறம் தனி உப்பே வேண்டியிருக்கவில்லை, செய்கிறவர்கள் கவனியுங்கள்.

சமையல்_சந்தேகம்
வாழ்த்துகள்! நான் மே மாதம் செய்யலாம் என்று இருக்கிறேன். தடைக்காலத்தில் நண்டு கிடைக்குமா?

தொண்டி_வள்ளம்
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், கரையோர நண்டு வலையும் விழும். மீன் வரத்து குறைவதால் விலை ஏறும், அவ்வளவுதான். நாலு நாள் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

மண்டபம்_கடலோரம்
மூன்று கிலோ நண்டின் ஓடும் காலும் எங்கே போச்சு என்று யாரும் கேட்கவில்லையே. குப்பையில் போட்டிருந்தால் கோபப்படுவேன்.

பாம்பன்_கரைக்காரி
போடவில்லை அக்கா, ஃப்ரீசரில் இருக்கிறது. என்ன செய்ய?

மண்டபம்_கடலோரம்
உடைத்து, சொட்டு நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, மூழ்கத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். துணியில் வடிகட்டுங்கள், துணுக்கு தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். புளி கொஞ்சமாக. அம்மாவுக்குக் காரம் பத்தவில்லை என்றீர்களே, மிளகை அவரையே தட்டச் சொல்லுங்கள்.